இராணுவக் குருவானவர் ஒருவரை நம் கோயிலில் நினைவுகூரலாமா?

மட்டக்களப்பில் ஒரு பங்கின் இளைஞர் ஒன்றியத்தைச் சேர்ந்தவர் கேட்டிருப்பது இது. நவம்பர் 2ஆம் திகதி மரித்த விசுவாசிகளின் நினைவு நாள். அன்று மாலை, போரில் உயிர்நீத்த குருக்களை நினைவுகூரும் செபவழிபாடு ஒன்றை நடத்த ஆயத்தம் செய்கிறார்கள். கொரியப் போரில் சிறைமுகாமில் இறந்த அமெரிக்க இராணுவக் குருவானவர் எமில் கப்பானின் படத்தையும் வைக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். "இராணுவ உடுப்புப் போட்டவருக்கு எங்கள் கோயிலில் மெழுகுதிரியா?" என்று பங்கிலுள்ள தாய்மார் சிலர் மனம் நொந்துபோயிருக்கிறார்கள். படம் வைப்பது சரியா, அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா, நம் மண்ணில் இறந்த குருக்களின் வரிசையில் அவரைச் சேர்ப்பது முறையா என்பவையே கேள்விகள்.

வைக்கலாம். திருப்பலியும் ஒப்புக்கொடுக்கலாம். ஆனால் எந்தப் படம், எந்த இடத்தில், யாருடைய பெயர்களுக்குப் பிறகு என்பதை யோசிக்காமல் வைத்தால் அந்தத் தாய்மாரைப் புண்படுத்துவீர்கள். அவர்கள் சொல்வதை விவரம் தெரியாதவர்களின் பேச்சு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து, செப்டெம்பர் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்படக் குடும்பம் குடும்பமாகக் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களைக் கண்ட ஒரு தாய்க்கு, சீருடை அணிந்த எவருடைய படமும் வெறும் படமாகத் தெரியாது. எனவே அவர் யார், அவர் போர்க்களத்தில் என்ன செய்தார் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இராணுவக் குருவானவர் ஆயுதம் ஏந்துவதில்லை. படையோடு போவார், படையினர் உண்பதை உண்பார், பதவிநிலையும் உண்டு. சண்டையிடும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. 1864ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையிலேயே, காயப்பட்டோரைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளரோடு குருமாரும் நடுநிலையானவர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். 1949ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் இதை இன்னும் தெளிவாக்கின. எதிரியின் கையில் சிக்கினாலும் அவர் போர்க்கைதி ஆகமாட்டார். கைதிகளுக்கு ஆன்மீகப் பணி செய்வதற்குத் தேவைப்படும் அளவுக்கு மட்டுமே அவரைத் தடுத்துவைக்கலாம். அந்தப் பணிக்கு வேண்டிய வசதியையும் செய்துகொடுக்க வேண்டும். இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய ஏற்பாடும் இல்லை. இந்திய இராணுவத்தில் பண்டிதர், மௌலவி, கிரந்தி, பாதிரியார், பௌத்த துறவி என்று சமய ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்கிறது. களம் எப்படி இருந்தது என்பதற்குக் கப்பானின் கதையே போதும்.

எமில் கப்பான் 1916 ஏப்ரல் 20ஆம் திகதி கன்சாஸ் மாநிலத்தில் பில்சன் என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் பர்மாவிலும் இந்தியாவிலும் படைகளோடு பணியாற்றினார். 1950இல் கொரியாவுக்குப் போனார். அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் உன்சான் என்ற இடத்தில் அவருடைய படையணியைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. தப்பக்கூடியவர்கள் தப்புங்கள் என்ற நிலை. அவரும் போயிருக்கலாம். காயப்பட்டவர்கள் பதுங்குகுழிக்குள் கிடந்தார்கள். அவர்களை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். அந்தக் காயப்பட்டவர்களுக்குள் ஒரு சீன அதிகாரியும் இருந்தார். கப்பான் அவரிடம் பேசி, சுடுவதை நிறுத்தும்படி வெளியே இருந்தவர்களைக் கேட்க வைத்தார். அதனால்தான் அந்தக் குழிக்குள் இருந்தவர்கள் உயிரோடு சரணடைய முடிந்தது.

சிறைப்பிடித்துக் கொண்டுபோகும்போது, கணுக்கால் உடைந்து பள்ளத்தில் கிடந்த ஒரு சார்ஜன்டின் தலைக்கு நேரே ஒரு சீனச் சிப்பாய் துப்பாக்கியைப் பிடித்திருந்தார். கப்பான் நேரே நடந்துபோய், துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, காயப்பட்டவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சிப்பாய் சுடவில்லை. அந்தச் சார்ஜன்ட் உயிர்பிழைத்து ஊர் திரும்பி, முதுமையிலும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாலு ஆற்றங்கரையில் பியோக்டொங் முகாம். கொரியாவின் குளிர் நமக்குக் கற்பனைக்கும் எட்டாதது. முகாமில் பட்டினி, வயிற்றுளைச்சல், சீழ்பிடித்த காயங்கள். கப்பான் இரவில் வெளியே ஊர்ந்துபோய்ச் சோளமும் அவரையும் உருளைக்கிழங்கும் திருடிவந்து பங்கிட்டார். போகுமுன், இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்வனை மன்றாடிவிட்டுப் போவாராம். கூரைத் தகரத்தைக் கல்லால் தட்டிப் பாத்திரமாக்கி, அதில் பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். வயிற்றுளைச்சலில் கிடந்தவர்களின் அழுக்கு உடுப்புகளைத் தம் கையால் கழுவினார். தம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஒரு போர்வை வாங்கி, அதை வெட்டி மற்றவர்களின் கால்களுக்கு உறை தைத்தார். பிரசங்கத்தைவிட இந்த வேலைகளையே மீண்டு வந்தவர்கள் அதிகம் சொன்னார்கள். நோயாளியின் துணி கழுவிய கை என்றால் நம் தாய்மாருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

1951 மார்ச் 25ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. மதச் செயற்பாடுகளை முகாம் நடத்தியவர்கள் விரும்பாதிருந்தும் அவர் வெளிப்படையாக வழிபாடு நடத்தினார். அடுத்த வாரங்களில் காலில் இரத்தம் உறைந்தது, நிமோனியாவும் கண்டது. ஆஸ்பத்திரி என்ற பெயரில் இருந்த ஓர் அறைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். அங்கே போனவர்கள் மீண்டதில்லை என்பது கைதிகள் எல்லோருக்கும் தெரியும். தூக்கிப்போனவர்களை மன்னிக்கும்படி செபித்துவிட்டுப் போனார். மே 23ஆம் திகதி இறந்தார். வயது 35.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கப்பானுக்கு முதலில் எழுந்த நினைவுச் சின்னத்தைச் செய்தவர் கத்தோலிக்கரும் அல்லர், அவரை நேரில் கண்டவரும் அல்லர். ஜெரல்ட் ஃபிங்க் என்ற யூதர், அமெரிக்க மரைன் படையின் விமானி, கப்பான் இறந்தபின் அந்தக் கைதிகளோடு சேர்க்கப்பட்டவர். வந்த நாள் முதல் கைதிகள் அந்தக் குருவைப் பற்றியே பேசுவதைக் கேட்டார். விறகுக் கட்டையை எடுத்து, கையில் கிடைத்த உலோகத்தைக் கத்தியாகத் தீட்டி, மாதக்கணக்கில் செதுக்கி ஒரு பாடுபட்ட சுரூபத்தை உருவாக்கினார். முள்முடியை வானொலிக் கம்பியைப் பின்னிச் செய்தார். 1953இல் விடுதலையானபோது கைதிகள் அந்தச் சிலுவையைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார்கள். இன்று அது விச்சிட்டா நகரில் கப்பானின் பெயரைத் தாங்கிய பாடசாலையில் இருக்கிறது. ஒரு குருவானவரை எப்படி நினைவுகூர வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இந்தச் சிலுவையைத்தான் காட்டுவேன். அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா 2013 ஏப்ரல் 11ஆம் திகதி அவருக்கு அந்நாட்டின் அதியுயர் வீரப் பதக்கத்தை வழங்கினார். அது அரசு செய்யும் கௌரவம். நீங்கள் கோயிலில் அதைச் சொல்லத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அவருடைய உடல் எங்கே என்று 70 ஆண்டுகளாகக் குடும்பத்தாருக்குத் தெரியாது. போர் நின்றபின் கொரியாவிலிருந்து ஒப்படைக்கப்பட்ட எச்சங்களில் பெயர் தெரியாதவர்களை ஹவாயில் அடக்கம் செய்திருந்தார்கள். அவற்றைத் தோண்டி மரபணுவும் பல்லும் ஒப்பிட்டுப் பார்த்ததில் 2021 மார்ச்சில் அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. அதே ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி விச்சிட்டா பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். நம் ஊரில் மகனைத் தேடி நிற்கும் ஒரு தாயிடம் இந்தப் பகுதியை நிதானமாகச் சொல்லுங்கள். இதை அறிவுரையாகவோ ஆறுதலாகவோ திரித்துச் சொல்ல வேண்டாம். நடந்தது இது என்று மட்டும் சொல்லுங்கள்.

கப்பானோடு இன்னொருவரையும் பரிந்துரைக்கிறேன். உண்மையில் மட்டக்களப்புக்கு அவரே நெருக்கமானவர் என்று நினைக்கிறேன். வில்லி டொய்ல், அயர்லாந்தைச் சேர்ந்த இயேசு சபைக் குரு. 1873இல் டப்ளினுக்கு அருகே பிறந்தவர். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையின் 16ஆவது ஐரிஷ் டிவிஷனோடு பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் அகழிகளில் இருந்தார். 1917 ஓகஸ்ட் 16ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே, காயப்பட்டு வெட்டவெளியில் கிடந்தவர்களிடம் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தார். பிற்பகலில் ஒரு ஷெல் அவரைக் கொன்றது. உடல் கண்டெடுக்கப்படவில்லை. தைன் கொட் நினைவுச் சுவரில், கல்லறை இல்லாதவர்களின் பெயர்களுக்குள் அவருடைய பெயரும் செதுக்கப்பட்டிருக்கிறது.

அயர்லாந்தில் அக்காலத்தில் கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையே இருந்த பகை நம் ஊர்ப் பகைகளுக்குக் குறைந்ததல்ல. டொய்லின் படையணிக்குப் பக்கத்தில் நின்ற அல்ஸ்டர் டிவிஷன் பெரும்பாலும் புரட்டஸ்தாந்தருடையது. அவர் இறந்த சில நாட்களில் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஒரு புரட்டஸ்தாந்த வீரர் பத்திரிகையில் எழுதினார்: அவருடைய சமயக் கருத்துகளை எங்களால் ஏற்க முடியாது, ஆனால் அவரை நாங்கள் உயிராக நேசித்தோம், தம் ஆட்களுக்குப் போலவே அல்ஸ்டர்க்காரனுக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க உயிரைப் பணயம் வைப்பார் என்ற பொருளில். மாற்றார் எழுதிக் கொடுத்த நற்சாட்சி அது. நான் டொய்லை முன்மொழிவதற்குக் காரணமும் அதுவே.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன்.

1990 ஓகஸ்ட் மாதம் மட்டக்களப்பு எப்படிக் கிடந்தது என்று உங்கள் தலைமுறைக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 11ஆம் திகதி இரவும் விடிந்தும் ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளுமாக முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பழிக்குப் பழியாகத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். தெருவில் யாரும் நடமாடத் துணியாத அந்த நாட்களில், கலவரத்துக்குள் அகப்பட்டிருந்த அருட்சகோதரிகளைப் பத்திரமாக வெளியேற்ற உதவ வாழைச்சேனைக்குப் போனார் யூஜின் ஹேபியர் அடிகளார். 15ஆம் திகதி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞரை ஏற்றிக்கொண்டு தமது ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். ஏறாவூர் வழியாக வர வேண்டிய பாதை. இருவரும் வந்து சேரவில்லை. ஸ்கூட்டரும் இல்லை, உடல்களும் இல்லை.

ஹேபியர் அடிகளார் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923இல் பிறந்தவர். 1948இல் இங்கே வந்தவர். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் கூடைப்பந்து பழக்கிய பிள்ளைகள் இன்று தாத்தாமார். அந்த மைதானங்களில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே அணியில் ஆடினார்கள். பின்னாளில் மட்டக்களப்பில் இளைஞருக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கும் நிலையத்தை நடத்தினார். சமாதானக் குழுவில் இருந்து, பிடித்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றி விசாரித்து அதிகாரிகளின் கதவுகளைத் தட்டினார். 42 ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டு, ஊருக்குப் போய் ஓய்வாக இருக்க வேண்டிய 66 வயதில், அந்தப் பாதையில் போனார்.

டொய்லும் இயேசு சபையார், ஹேபியரும் இயேசு சபையார். ஒருவர் ஓகஸ்ட் 16, மற்றவர் ஓகஸ்ட் 15. இருவருக்கும் கல்லறை இல்லை. ஒருவர் படையோடு போனார், மற்றவர் எந்தப் படையின் காவலும் இல்லாமல் போனார். இந்த இருவரையும் அடுத்தடுத்து வைத்துச் சொன்னால் தாய்மாருக்குச் சீருடை மறைந்து ஆள் தெரிவார் என்று நம்புகிறேன்.

சந்திரா பெர்னாண்டோ அடிகளாரை விட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பு பிரஜைகள் குழுவின் தலைவர். தடுத்துவைக்கப்பட்டவர்களின் பெற்றோர் முதலில் தேடிப்போன வாசல் அவருடையது. இந்தியப் படை இங்கே இருந்த காலத்தில், 1988 ஜூன் 6ஆம் திகதி, புளியந்தீவில் ஆயுததாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்புக்கு வெளியே என்றால், 2009 மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் கடைசி வரை மக்களோடு இருந்து, வெளியே வரும்போது உயிர்விட்ட சரத்ஜீவன் அடிகளார். அன்றே சரணடைந்தவர்களோடு போய்க் காணாமற்போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். இவர்களுக்குப் படையில் பதவிநிலை இல்லை, ஜெனீவாச் சின்னம் இல்லை. ஆனால் கப்பான் பதுங்குகுழியில் செய்ததையே இவர்களும் செய்தார்கள். போகலாம் என்ற வாய்ப்பு இருந்தும், போக முடியாதவர்களோடு நின்றார்கள்.

தாய்மாரின் மனத்தாங்கலில் இன்னொரு நியாயமும் உண்டு. குருவானவர் படையோடு நின்றால் அந்தப் படை செய்வதையெல்லாம் ஆசீர்வதித்ததாக ஆகாதா? ஆகக்கூடும். 1945இல் தினியன் தீவிலிருந்து ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் அணுகுண்டு கொண்டுபோன விமானப் படையணியின் கத்தோலிக்கக் குருவாக இருந்தவர் ஜோர்ஜ் சபெல்கா. அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே என்று பிற்காலத்தில் பகிரங்கமாக மனம் வருந்தி, தம் மிச்ச வாழ்நாளை அகிம்சைக்காகப் பேசுவதில் கழித்தார். எனவே இராணுவக் குரு என்ற பதவிக்கு நீங்கள் மெழுகுதிரி ஏற்றக் கூடாது. இன்ன நாளில் இன்னாருக்கு இன்னதைச் செய்தார் என்று சொல்லக்கூடிய ஆளுக்கு ஏற்றுங்கள்.

வெளிநாட்டுப் படையில் இறந்தவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றும் ஒன்றியத்தில் யாரோ கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது. நம் மீனவர்கள் நாள்தோறும் அதன் மேலாகப் போய்வருகிறார்கள். சம்பந்தம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

இனித் திருச்சபைச் சட்டம். இதில் பலர் தடுமாறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒருவரைப் பொதுவழிபாட்டில் வணங்குவதற்கு அவர் முத்திப்பேறு பெற்றவராகவோ புனிதராகவோ அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1187ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. யோசேவ் வாஸ் முனிவரைக்கூட, 1995 ஜனவரியில் முத்திப்பேறு பெறும்வரை, பீடத்தில் வைத்துப் பொதுவாக வணங்க முடியாது. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் புனிதரானார். கப்பான் இப்போது வணக்கத்துக்குரியவர் என்ற, முத்திப்பேறுக்கு முந்திய படியில் இருக்கிறார். பிறருக்காக உயிரைக் கையளித்தவர்கள் என்ற வகையில் 2025 பெப்ரவரி 24ஆம் திகதி அதற்கு ஒப்புதல் கிடைத்தது. பிரான்சிஸ் பாப்பரசர் மருத்துவமனையில் இருந்தபடியே அந்த ஒப்புதலை வழங்கினார். டொய்லுக்கான விசாரணை 2022 நவம்பரில் அயர்லாந்தில் தொடங்கியது. ஹேபியர், சந்திரா இருவரும் அப்படி எந்தப் படியிலும் இல்லை. நம் நெஞ்சில் இருக்கிறார்கள்.

இதன்படி எவருடைய படத்தையும் பீடத்தின் மேல் வைக்கக் கூடாது. ஒளிவட்டம் வரையக் கூடாது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அவர்களை விளித்துப் பொதுப் பிரார்த்தனை சொல்லக் கூடாது. தனியாக, மனத்துக்குள், வீட்டில் மன்றாடத் தடையில்லை. அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். மரித்த எவருக்கும் அது உரியது. படங்களைப் பீடத்துக்குக் கீழே, பக்கத்தில் ஒரு மேசையில் வையுங்கள். மாலை போடுவது நம் வழக்கம். அது மரித்தோருக்குச் செய்யும் மரியாதை என்பதால் நான் தடுக்கமாட்டேன், ஆனால் பங்குத்தந்தையின் சொல்லே முடிவு.

கப்பானின் எந்தப் படம் என்றால், ஜீப் வண்டியின் முன்மூடியைப் பீடமாக்கித் திருப்பலி நிறைவேற்றும் படம்தான் எங்கும் கிடைக்கும். 1950 ஒக்டோபர் 7ஆம் திகதி எடுத்தது. அழகான படம். ஆயினும் நம் ஊரில் ஜீப் வண்டி என்பது இரவில் வீட்டு வாசலில் வந்து நின்ற ஒன்று. அதை வைக்க வேண்டாம். இன்னொரு படம் இருக்கிறது: களைத்துச் சோர்ந்த ஒருவரை ஒரு பக்கம் ஒரு மருத்துவரும் மறுபக்கம் கப்பானும் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவருகிறார்கள். நடுவில் இருப்பவரின் தலை தொங்கிப்போயிருக்கிறது. அதைச் சற்றுப் பெரிதாக அச்சிட்டு வையுங்கள். அதன் கீழே அவருடைய பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் போதும். பதக்கமும் பதவிநிலையும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் கடினமானது காணாமற்போனவர்களின் பெயர். சேமக்காலையில் நவம்பர் 2ஆம் திகதி மாலை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: கல்லறை இல்லாதவர்களுக்காக நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். காற்றில் அணையாதிருக்கச் சிரட்டைக்குள் வைத்து, கையால் மறைத்து, அணைந்தால் பக்கத்துத் திரியில் மறுபடி பற்றவைத்து நிற்பார்கள். ஆனால் அங்கேயும் சில தாய்மார் வரமாட்டார்கள். மகன் இறந்தான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று மரணச் சான்றிதழை மறுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளையின் பெயரை மரித்தோர் பட்டியலில் நீங்களாகச் சேர்த்து வாசித்தால் அது பெரும் கொடுமை. நல்லெண்ணத்தோடு செய்தாலும் கொடுமைதான்.

ஆகவே பெயர்களை இரண்டாக வாசியுங்கள். மரித்தோரின் பெயர்கள் ஒன்று. காணாமற்போய் நாம் இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களின் பெயர்கள் மற்றொன்று. இரண்டாவதை விசுவாசிகளின் மன்றாட்டில் வாசிக்கலாம். அவர்கள் இருக்கும் இடத்தை இறைவன் அறிவார், எங்களுக்கும் அதைத் தெரியப்படுத்தும் என்ற வேண்டுதலோடு. குடும்பத்தார் எந்தப் பட்டியல் என்கிறார்களோ அதில்தான் பெயர் இடம்பெற வேண்டும். வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் கேட்கும் விஷயம் இல்லை இது. ஹேபியர் அடிகளாரைச் சபையாரும் பழைய மாணவர்களும் மரித்தவராகவே நினைவுகூருகிறார்கள், ஆகவே முதலாவது பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் அவருடைய பெயரை வாசிக்கும்போது பேர்ட்ரம் பிரான்சிஸின் பெயரையும் விடாமல் வாசியுங்கள். வெளிநாட்டுக் குருவானவர் என்பதால் அடிகளாரின் கதை உலகம் முழுதும் எழுதப்பட்டது. பின்னால் அமர்ந்து போன பிள்ளைக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை.

வரிசை என்று கேட்டால், நம் ஊரார் முதலில். சந்திரா, ஹேபியர், பேர்ட்ரம், பிறகு முள்ளிவாய்க்கால் குருக்கள். அதன்பின் டொய்ல், கடைசியாகக் கப்பான். பெயர் வாசித்தபின் ஒவ்வொருவர் பற்றியும் மூன்று நிமிடத்துக்கு மிகாமல் ஒருவர் பேசட்டும். வரலாற்றுச் சுருக்கம் வேண்டாம். அவர் செய்த ஒரு செயலை மட்டும் சொல்லட்டும். டொய்லைப் பற்றிப் பேச மெதடிஸ்த சபையிலிருந்து ஒருவரை அழைத்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். ஹேபியரைப் பற்றிப் பேச அவரிடம் கூடைப்பந்து பழகிய முஸ்லிம் ஒருவரையோ இந்து ஒருவரையோ தேடிப்பிடியுங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, தாமதிக்க வேண்டாம்.

மனம் நொந்த அந்தத் தாய்மாரை வழிபாட்டுக்கு முன்பே போய்ப் பாருங்கள். படத்தைக் காட்டி, போர்வையை வெட்டிக் காலுறை தைத்த கதையைச் சொல்லுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால் அந்தப் படத்தை இந்த வருடம் வைக்க வேண்டாம். திருப்பலிக் கருத்தில் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருத்துகளையும் இரு பெயர்ப் பட்டியல்களையும் ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் பங்குத்தந்தையிடம் கொடுத்துவிட்டால், அவர் வாசித்துப் பார்த்துத் திருத்த நேரம் இருக்கும்.